சக்கரம் போன வழியே தண்ணீர் போகும்

ஒரு மலைக்காட்டுக்குள் நூறு வண்டிகள் போக வேண்டியிருக்கிறது. எல்லாம் ஒரே தடத்தில் போவது நல்லதா, ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போவது நல்லதா? யாரைக் கேட்டாலும் பிரிந்து போகட்டும் என்றுதான் சொல்வார்கள். பாரத்தைப் பரப்பிவிட்டால் பாதிப்பும் பரவி லேசாகிவிடும் என்பது கேட்கவும் நியாயமாக இருக்கிறது. ஆனால் காட்டு மண் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. அமெரிக்காவின் தேசியக் காடுகள் இதை நடைமுறை விதியாக்கிக்கொள்ள முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதற்குள் பல மலைச்சரிவுகள் சதையை இழந்து எலும்பாகிவிட்டன.

தேசியக் காடு வேறு, தேசியப் பூங்கா வேறு. அமெரிக்க வேளாண் துறையின் கீழ் 1905-இல் அமைந்த வனத்துறையின் பொறுப்பில் சுமார் 19.3 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு பரப்பு. இந்த நிலம் மரம், மேய்ச்சல், தண்ணீர், வனவிலங்கு, பொழுதுபோக்கு எல்லாவற்றுக்கும் பயன்பட வேண்டும் என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகவே அங்கே ஜீப்பிலோ டர்ட் பைக்கிலோ காட்டுத்தடத்தில் ஏறுபவர் சட்டத்தை மீறிப் புகுந்தவர் அல்லர். வேட்டைக்கோ மீன்பிடிக்கவோ போகிறவரைப் போல, நடக்க வருகிறவரைப் போல, அவருக்கும் அந்தக் காட்டில் இடம் உண்டு. எந்த இடம், எவ்வளவு இடம் என்பதில்தான் வழக்கு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவ ஜீப்பின் வழிவந்த வண்டிகள் சாதாரண மக்கள் கைக்கு வந்தன. 1970-இல் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டி ஒன்றை விற்கத் தொடங்கியது. பலூன் போல உப்பிய டயர், சிறிய என்ஜின், மணலோ சேறோ பனியோ எதன்மேலும் ஓடும். கவிழ்ந்துவிடும் ஆபத்து அதிகம் என்பதால் 1988-இல் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அங்கே நிறுத்தப்பட்டது. அதற்குள் நான்கு சக்கர வண்டிகள் வந்துவிட்டன. நம் ஊர்ச் சுற்றுலாத் தலங்களில் ஏடிவி என்றும் குவாட் பைக் என்றும் சொல்லி வாடகைக்கு விடுகிறார்களே, அதே இனம். 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் பொது நிலங்களில் இத்தகைய வண்டிகளைப் பற்றி ஓர் ஆணை பிறப்பித்தார். நாட்டில் 50 லட்சம் வண்டிகள் ஓடுவதாக அந்த ஆணையின் முகவுரையே சொன்னது. தடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது மண்ணுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் செடிகொடிகளுக்கும் வரும் சேதம் குறைவாக இருக்க வேண்டும், விலங்குகளுக்குத் தொந்தரவு குறைய வேண்டும், காட்டுக்கு வரும் மற்றவர்களோடு மோதல் குறைய வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். 1977-இல் அதிபர் கார்ட்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். சேதம் நடப்பது தெரிந்தால் அந்தத் தடத்தை உடனே மூடிவிட வேண்டும் என்றார்.

வண்டிப் பிரியர்கள் தங்கள் தரப்புக்கு ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். அது பொய்யான வாதமும் இல்லை. ஏடிவி டயரின் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டை ஒட்டியே இருக்கும். கார் டயரில் 30 பவுண்டு. மெத்தென்ற டயர் தன் காற்றழுத்தம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு அழுத்தத்தைத்தான் தரையின் மேல் செலுத்தும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது குதிகால் பதிகிற கணத்தில் தரையின் மேல் விழும் அழுத்தம் இதைவிட அதிகம். குதிரைக் குளம்பைச் சொல்லவே வேண்டாம். அப்படியிருக்க, நடைபயணியை விட்டுவிட்டு வண்டியை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

இந்தக் கணக்கு கீழ்நோக்கிய அழுத்தத்தை மட்டும் பார்க்கிறது. என்ஜின் உந்தும் சக்கரம் தரையை அழுத்துவதோடு நிற்காமல் அதைப் பின்னால் தள்ளவும் செய்கிறது. 10 மீட்டருக்கு 3 மீட்டர் உயரும் சரிவில், ஓட்டுநரோடு சேர்த்து 400 கிலோ எடையுள்ள வண்டி மேலே ஏற வேண்டுமானால், சக்கரங்கள் மண்ணைச் சுமார் 120 கிலோ எடைக்குச் சமமான விசையோடு பின்னுக்குத் தள்ளியாக வேண்டும். மண் அந்த விசையைத் தாங்கினால் வண்டி ஏறும். தாங்காவிட்டால் சக்கரம் வழுக்கிச் சுழலும். டயரின் தடித்த பற்கள் அப்போது இலைச்சருகையும் மக்கையும் வேர்களையும் பிய்த்துப் பின்னால் வீசும். காட்டுத்தடத்தில் மேலேறும் வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கால்தடம் ஒன்றுக்கொன்று விட்டுவிட்டு விழுகிறது. ஒரு குழியில் விழும் மழைநீர் அந்தக் குழியிலேயே தேங்கி மண்ணுக்குள் இறங்கிவிடலாம். சக்கரத்தடம் அறுபடாத கோடு. மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரே நீளமாக, இருபுறமும் கரை கட்டிய வாய்க்காலாகவே அது அமைந்துவிடுகிறது.

இனி மண்ணுக்கு வருவோம். யாரும் மிதிக்காத காட்டில் மேல்மண்ணின் கன அளவில் பாதிக்கு மேல் வெற்றிடம்தான். மண்புழு போன வழி, மக்கிப்போன வேர் விட்டுச்சென்ற துளை, பூஞ்சை இழைகள் பிணைத்துவைத்த மண்துகள்களுக்கு இடையிலுள்ள சந்து என்று எங்கும் இடைவெளி. மழை விழுந்தால் சருகு அதன் வேகத்தைத் தடுக்கும், துளைகள் அதைக் குடிக்கும். நல்ல காட்டில் அடைமழையின்போதும் தரைமேல் தண்ணீர் ஓடுவதைக் காண்பது அரிது. பெய்ததெல்லாம் உள்ளே இறங்கி, பல நாட்கள் கழித்து, தெளிந்த ஊற்றாக ஓடைக்கு வந்து சேரும்.

வண்டி ஏறினால் முதலில் நசுங்குவது அந்தப் பெரிய துளைகள். இங்கேதான் கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. புது இலவம்பஞ்சு மெத்தையில் முதலில் உட்காருபவர்தான் பள்ளம் போடுகிறார். அதன்பின் அதே இடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்தாலும் பள்ளம் பெரிதாக ஆழமாவதில்லை. மண்ணும் அப்படித்தான். இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் சில வண்டிகள் போனபோதே நடந்து முடிந்துவிடுகிறது. ஐம்பதாவது வண்டியோ ஐந்நூறாவது வண்டியோ அதனுடன் சேர்ப்பது கொஞ்சம்தான். பொழுதுபோக்கின் சூழலியலை ஆராய்பவர்கள் நடைபயணிகளிடமும் முகாமிடுபவர்களிடமும் இதே வளைகோட்டைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். ஆகவே நூறு வண்டிகளை நூறு பக்கம் பிரித்து விட்டால் நூறு இடங்களில் முதல் வண்டியின் சேதம் நடக்கும். அனைத்தையும் ஒரே தடத்தில் விட்டால் ஒரு தடம் மட்டும் இறுகும், மீதிக் காடு தப்பும்.

வண்டியை மாற்றினால் தப்பிக்கலாமா என்றும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்க வனத்துறை 7 இடங்களில் தடம் அமைத்து, விளையாட்டுக்கான ஏடிவி, வேலைக்கான ஏடிவி, வண்டியோடு வரும் டயர், தனியே வாங்கிய டயர் என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து 2008-இல் அறிக்கை வெளியிட்டது. வண்டியின் வகையோ டயரின் வகையோ பெரிய வேறுபாடு எதையும் ஏற்படுத்தவில்லை. எந்த வண்டி போனாலும் சருகு விலகியது, மண் இறுகியது, மழை உள்ளே இறங்குவது குறைந்தது, அரிக்கப்பட்டுப் போகும் மண் கூடியது.

தடத்தை ஒன்றாக்கியதோடு கதை முடியவில்லை. இறுகிய தடத்தில் மழை உள்ளே இறங்காது. இறங்காத நீர் ஓடும். சரிவு கூடக் கூட, ஓடுகிற தூரம் கூடக் கூட வேகம் ஏறும். ஓடும் நீர் உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை நீரின் வேகத்தின் ஆறாவது அடுக்கில் கூடுகிறது என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்ட விதி. வேகம் இரு மடங்கானால் எடை 64 மடங்கு. இயற்கையில் இது அச்சுப் பிசகாமல் நடப்பதில்லை என்றாலும், நேற்று மணலை மட்டும் நகர்த்திய நீர் இன்று தலையளவு கல்லை ஏன் புரட்டுகிறது என்பதற்கு இதுதான் காரணம். தடம் ஓர் அடி ஆழமாகும், பிறகு இடுப்பளவு ஆகும். ஓட்டுபவர்கள் அந்தப் பள்ளத்தை விட்டு விலகிப் பக்கத்தில் புதுத்தடம் போடுவார்கள். அங்கேயும் முதல் வண்டியின் சேதம் புதிதாகத் தொடங்கும்.

அரிக்கப்பட்ட மண் எங்கே போகிறது? வட கரோலைனா மாநிலத்தின் மேற்கு மூலையில், அப்பலாச்சியன் மலைத்தொடரில், நான்டஹாலா தேசியக் காட்டில் டெலிகோ ஆறு பிறக்கிறது. அந்தத் தலைநீர்ப் பகுதியில் சுமார் 8,000 ஏக்கரில் 60 கிலோமீட்டருக்கும் அதிகமான வண்டித்தடங்கள் இருந்தன. கிழக்கு அமெரிக்காவின் நான்கு சக்கர வண்டிப் பிரியர்களிடையே டெலிகோ பெரும்பெயர் பெற்ற இடம். பாறைப் படிகளும் செங்குத்தான ஏற்றங்களும் நிறைந்த அந்தத் தடங்களில் ஏறுவதற்காகப் பல மாநிலங்களிலிருந்தும் வருவார்கள். தடங்களில் பலவும் மரம் வெட்டிய காலத்தின் மிச்சம். மரத்தைக் கீழே இழுத்து வரப் போட்ட பாதை சரிவின் போக்கிலேயே நேராக இறங்கும். மழையோ அந்த மலைகளில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும்.

டெலிகோவின் கிளை ஓடைகளில் புரூக் ட்ரௌட் என்ற மீன் வாழ்கிறது. ஆங்கிலேயர் நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்ட ட்ரௌட் நம்மில் பலருக்குத் தெரியும். அவலாஞ்சியில் அதற்குக் குஞ்சு பொரிப்பகமும் இருக்கிறது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். குடும்பத்திலேயே தெற்கு அப்பலாச்சியன் மலைகளுக்குச் சொந்தமான ஒரே மீன் இது. குளிர்ந்த, தெளிந்த நீர் இல்லாவிட்டால் வாழாது. இலையுதிர் காலத்தில் பெண்மீன் ஓடையின் அடியில் கூழாங்கல் பரப்பைத் தேடிப் போய், உடலைப் பக்கவாட்டில் சாய்த்து வாலால் அடித்து அடித்துச் சிறு குழி பறிக்கும். அந்த அடியில் மெல்லிய மண் கிளம்பி நீரோடு போய்விட, சுத்தமான கற்கள் மட்டும் மிஞ்சும். அதில் முட்டையிட்டபின் சற்று மேலே போய் மறுபடி வாலடித்துக் கற்களைப் புரட்டி முட்டைகளை மூடும். குளிர்காலம் முழுவதும் முட்டைகள் அந்தக் கற்களுக்கு அடியில்தான். கற்களின் இடுக்குகள் வழியே புகுந்து ஓடும் நீர்தான் அவற்றுக்கு ஆக்சிஜன் கொண்டுவருகிறது, கழிவைக் கொண்டுபோகிறது. பொரித்த குஞ்சும் வயிற்றில் மஞ்சள்கருப் பையைச் சுமந்துகொண்டு சில வாரங்கள் அதே இருட்டில் இருந்துவிட்டு, இடுக்கு வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

மேலே ஒரு தடத்திலிருந்து கரைந்து வரும் வண்டல் இந்த இடுக்குகளை அடைக்கிறது. முட்டை மூச்சுத் திணறிச் சாகும். தப்பிப் பொரித்தாலும் வெளியேற வழி இருக்காது. கற்களுக்கிடையே வாழும் பூச்சிகளின் புழுக்களும் குறைவதால் வளர்ந்த மீனுக்கும் இரை குறைகிறது. மேலே வண்டி ஓட்டியவருக்கு இதில் எதுவும் கண்ணில் படுவதில்லை. அவர் பார்ப்பது கலங்கிய ஓடையை மட்டுமே, அதுவும் மழை நாளில்.

மீன் பாதுகாப்பு அமைப்புகள் வழக்குத் தொடர்வோம் என்று எச்சரித்தன. வனத்துறை அளந்து பார்த்தது, சில தடங்களை முதலில் நிறுத்தியது, 2009-இல் மேல் டெலிகோவின் தடங்கள் முழுவதையும் வண்டிகளுக்கு மூடியது. அந்த முடிவு சரியானது என்பதே என் எண்ணம். ஆனாலும் விடுமுறை நாட்களில் மண்வெட்டியோடு வந்து அதே தடங்களைத் தங்கள் கையால் செப்பனிட்ட வண்டிக்காரர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் இழந்ததை நான் சிறிதாக நினைக்கவில்லை. தடங்களை அந்தச் சரிவில் நேராக இறக்கியது அவர்கள் இல்லை. நேராக இறங்கும் தடத்தை எத்தனை மண்வெட்டி வந்தாலும் காப்பாற்ற முடியாது.

அப்படியானால் எப்படிப்பட்ட தடம் நிற்கும்? தடம் அமைப்பவர்கள் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். மலைச்சரிவு 10 மீட்டருக்கு 4 மீட்டர் இறங்குகிறது என்றால் தடம் 10 மீட்டருக்கு 2 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டினால், மேலிருந்து வரும் நீருக்குத் தடத்தைக் குறுக்கே கடப்பதைவிடத் தடத்தோடு ஓடுவது எளிதாகிவிடும். பிறகு, தடத்தின் மேற்பரப்பைப் பள்ளத்தாக்குப் பக்கம் லேசாகச் சாய்த்துவிடுவார்கள், நீர் நிற்காமல் வெளியே வழியட்டும் என்று. வண்டிகள் ஓட ஓட நடுவில் பள்ளம் விழுந்து இந்தச் சாய்வு மறைந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் மூன்றாவது ஏற்பாடு. இறங்கிக்கொண்டே வரும் தடம் நடுவே சில மீட்டர் எதிர்த்து ஏறி, மறுபடி இறங்கும். அந்தத் தாழ்விடத்துக்கு வந்து சேரும் நீர் மேலே ஏற முடியாது. வெட்டிவைத்த வாய் வழியாகக் காட்டுக்குள் இறங்கி, சருகில் மண்ணை விட்டுவிட்டு மண்ணுக்குள் போய்விடும். நடைபாதைகளில் குறுக்கே ஒரு மரக்கட்டையைப் புதைத்து நீரைத் திருப்புவதுண்டு. வண்டித்தடத்தில் அது நிலைக்காது, சக்கரங்கள் சில மாதங்களில் அதைத் தேய்த்தோ பெயர்த்தோ விடும். இங்கே மேடும் தாழ்வும் மண்ணாலேயே, வண்டி முழுவதும் ஏறி இறங்குகிற நீளத்துக்கு அமைய வேண்டும். நன்றாக அமைந்த தடத்தில் அந்த ஏற்ற இறக்கம்தான் ஓட்டுபவருக்கு மகிழ்ச்சியும் தருகிறது. அவர் அனுபவிப்பது ஒரு வடிகால் ஏற்பாட்டை.

ஓடையைக் கடக்கும் இடத்தில் சின்னப் பாலமோ கல் பாவிய துறையோ இருக்க வேண்டும். சதுப்பான இடத்தைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாத இடத்தில், அலாஸ்காவில் செய்வதைப் போல, துளையுள்ள பிளாஸ்டிக் பாளங்களைப் பரப்பி அவற்றின்மேல் வண்டியை விடலாம். ஈர நாட்களில் வாயிற்கதவைப் பூட்டிவிட வேண்டும். ஈர மண் காய்ந்த மண்ணைவிடப் பல மடங்கு எளிதாக இறுகும். தடத்துக்காகப் பல மாநிலங்களிலிருந்தும் வந்தவர்களிடம் இன்று போக முடியாது என்று சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். அதைச் சொல்லத் தயங்கிய காடுகளில்தான் தடங்கள் ஆறாகியிருக்கின்றன.

வண்டிகள் குறித்துவைத்த தடங்களில் மட்டுமே போக வேண்டும் என்பதை வனத்துறை நாடு முழுவதற்குமான விதியாக்கியது 2005-இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, வனத்துறையின் அன்றைய தலைவர் டேல் பாஸ்வொர்த் தேசியக் காடுகளுக்கு நான்கு பெரும் அச்சுறுத்தல்கள் இருப்பதாகச் சொன்னார்: காட்டுத்தீ, அயல் இனங்களின் ஊடுருவல், திறந்த வெளிகள் மறைந்துகொண்டிருப்பது, கட்டுப்பாடில்லாத பொழுதுபோக்கு. நான்காவதைச் சொல்லும்போது அவர் முதலில் எண்ணியது இந்த வண்டிகளைத்தான். அதுவரை பல காடுகளில், மூடியிருப்பதாகப் பலகை இல்லாத இடமெல்லாம் திறந்த இடம். 2005 விதி அதைத் தலைகீழாக்கியது. ஒவ்வொரு காடும் எந்தச் சாலையில், எந்தத் தடத்தில், எந்த வண்டி, ஆண்டின் எந்தப் பருவத்தில் போகலாம் என்று தீர்மானித்து வரைபடமாக அச்சிட வேண்டும். அழகில்லாத, கறுப்பு வெள்ளைப் படம், இலவசமாகத் தருவார்கள். அதில் இல்லாத தடத்தில் வண்டி போகக் கூடாது. கண்ணெதிரே தெளிவான தடம் தெரிகிறதே என்பது சாக்காகாது. 1972 ஆணையிலேயே இதற்கான வித்து இருந்தது. இடைப்பட்ட 33 ஆண்டுகளில் யாரும் வரையாத தடங்கள் காடெங்கும் முளைத்தன. அப்போதே வரைபடம் போட்டிருந்தால் எத்தனை ஓடைகள் தெளிவாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நல்ல தடம் மண்ணைக் காக்கும். விலங்குகளுக்கு அது போதாது. ஓரிகன் மாநிலத்தின் வடகிழக்கில் ஸ்டார்க்கி பரிசோதனைக் காடு என்று ஒன்று உண்டு. சுமார் 25,000 ஏக்கரை உயர்ந்த வேலிக்குள் வைத்து, எல்க் மான்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி அவை இருக்குமிடத்தை ஓயாமல் கண்காணிக்கிறார்கள். 2002 முதல் அங்கே ஏடிவி, மலைச் சைக்கிள், நடை, குதிரை என்று நான்கு வகையாகவும் தனித்தனியே ஆட்களைத் தடத்தில் அனுப்பிப் பார்த்தார்கள். நான்குக்குமே எல்க் மான்கள் விலகின. ஏடிவிக்குத்தான் மிக அதிகமாக விலகின, அடுத்தது சைக்கிளுக்கு. ஏடிவி வரும் நாட்களில் மேய்ச்சல் நேரம் குறைந்து அலைச்சல் கூடியது. குளிர்காலத்துக்கு முன் உடலில் கொழுப்பைச் சேர்த்துவைக்க வேண்டிய விலங்குக்கு அது சிறிய நட்டமில்லை. அதே காட்டின் மியூல் மான்களிடம் அவ்வளவு மாற்றம் தெரியவில்லை. இனத்துக்கு இனம் அச்சம் வேறு. எல்க் மானுக்குத் தடத்தின் தரம் முக்கியமில்லை. தடமே இல்லாத பெரும் பரப்பு எங்கேயாவது மிஞ்சியிருக்கிறதா என்பதே அதற்கு முக்கியம். வண்டிகளை ஓரிடத்தில் சேர்த்தால் அந்தப் பரப்பும் தானாக மிஞ்சும்.

வண்டியிலும் சில ஏற்பாடுகள் கட்டாயம். புகைக்குழாயில் தீப்பொறித் தடுப்பு இருக்க வேண்டும், 0.58 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கரித்துகளை அது பிடித்துவைக்கவோ பொடியாக்கவோ வேண்டும். கோடையில் காய்ந்த புல் தீப்பற்ற அந்த அளவுத் துகளே போதும். கலிஃபோர்னியாவில் 1986 முதல் தயாரான வண்டிகளுக்கு, புகைக்குழாய் வாயிலிருந்து அரை மீட்டரில் அளந்தால் 96 டெசிபலுக்கு மேல் ஒலி கூடாது. டயரின் சேற்றில் ஒட்டிவரும் களைவிதைகளுக்காக, வீடு திரும்பியதும் வண்டியைக் கழுவச் சொல்கிறார்கள்.

மூடிய தடத்தை அப்படியே விட்டுவிட முடியாது. இறுகிய காட்டு மண் தானாக இளகப் பல பத்தாண்டுகள் ஆகும். பனி உறைந்து உருகுவதும், வேரும் புழுவும் மெல்லத் துளைப்பதும்தான் வழி. பாலை மண் இன்னும் மெதுவானது. 1942 முதல் 1944 வரை மோஹாவி பாலைவனத்தில் பயிற்சி பெற்ற டாங்கிகளின் தடங்கள் இன்றும் தெரிகின்றன. ஆகவே இயந்திரத்தைக் கொண்டுவந்து தடத்தைக் கிளறிவிட்டு, சரிவைப் பழைய வடிவத்துக்குத் திருத்தி, விதை தூவி, மேலே கிளைகளையும் சருகையும் பரப்புகிறார்கள். பணம் போதாதபோது தடம் முழுவதையும் செய்வதில்லை. தடம் பிரிகிற இடத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை மட்டும் செய்கிறார்கள். பாலைப்பகுதியில் அந்தத் தூரத்துக்குக் காய்ந்த செடிகளை வேர்விட்டு நிற்பவை போல நேராக ஊன்றியும் வைப்பார்கள். வண்டியில் வருபவருக்கு அங்கே தடம் தெரியாது. பின்னாலுள்ள மீதித் தடத்தில் யாரும் ஏறாவிட்டால், மண் தன் வேகத்தில் இளகிக்கொள்ளும்.